முள் கிடக்கட்டும், நீ மிதி!

பஞ்சருக்குப் பயந்து சைக்கிளை மூலையில் சாத்தியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆசை ஆசையாக ரோட் பைக் வாங்கியிருப்பார்கள். முதல் மாதம் விடியற்காலையில் பயிற்சி, அப்புறம் அதே வண்டியில் ஆபீஸ். இரண்டாம் மாதம் ஒருநாள் பாதி வழியில் பின்சக்கரம் புஸ்ஸென்று இறங்கிவிடும். தள்ளிக்கொண்டு, வியர்த்து வழிந்து, தாமதமாகப் போய் நின்றால் எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அடுத்த வாரம் இன்னொரு பஞ்சர். அதோடு சரி, வண்டி பால்கனிக்குப் போய்விடும். என்னாச்சு என்று கேட்டால், "நம்ம ரோட்டுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதுங்க. எனக்கு ராசியும் இல்லை" என்பார்கள்.

ராசியா? தம்பி, தங்கையே, நன்றாகக் கேள். ரப்பர், நூல், காற்று, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் டயர். எந்த ரப்பர், எந்த நூல், எவ்வளவு காற்று என்று முடிவு செய்கிறவன் நீ. உன் கையில் இருக்கிற முடிவைத் தூக்கி விதியின் தலையில் போடாதே!

முதலில் உன்னைத் தாங்குவது எது என்று தெரிந்துகொள். நீயும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வை. டயரில் 80 பி.எஸ்.ஐ. காற்று. கணக்குப் போட்டால், முன்னும் பின்னும் சேர்த்துத் தரையைத் தொடும் ரப்பர் சுமார் 14 சதுர சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியின் முகத்தைவிடச் சின்னது! 25 மில்லிமீட்டர் டயர் மாட்டிய சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் ஓடும். அப்படியென்றால் 10 கிலோமீட்டர் தூரத்துக்குள் அந்த டயரின் ஒவ்வொரு புள்ளியும் 4,700 தடவைக்கு மேல் சாலையை முத்தமிடுகிறது. போகும்போது அவ்வளவு, வரும்போது அவ்வளவு. வாரத்துக்கு ஐந்து நாள், மழையில், வெயிலில். இத்தனை வேலை வாங்கும் பொருளை, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு வந்தால் எப்படி?

அந்தச் சாலையில் என்ன கிடக்கிறது என்று நீ என்றைக்காவது குனிந்து பார்த்திருக்கிறாயா? நம் பக்கத்துச் சாலையோரத்தின் முதல் எதிரி சீமைக் கருவேல முள். வெட்டிய கிளைகளை இழுத்துக்கொண்டு போன தடம் எங்கே இருக்கிறதோ அங்கேயெல்லாம் முள் சிதறிக் கிடக்கும். காய்ந்து முற்றியது ஆணிபோல் ஏறும். அடுத்தது நெருஞ்சி. அதன் காயை எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேலே பார்த்தபடிதான் விழும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சைக்கிள்காரர்கள் ஆட்டுத்தலை என்று பெயர் வைத்து அலறுகிறார்களே, அது நம்மூர்ச் சிறுநெருஞ்சிலேதான், அதே செடி. மூன்றாவதைப் பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். நெடுஞ்சாலையில் லாரி டயர் வெடித்துக் கிழிந்து கிடக்கிறதல்லவா, அதற்குள் எஃகுக் கம்பி வலை இருக்கிறது. அந்தக் கம்பி நொறுங்கி, நூல் கனத்தில் சாலையோரம் முழுக்கப் பரவிக் கிடக்கும். நீ ஓட்டுவதும் அந்த ஓரத்தில்தான். கண்ணாடிச் சில்லு நான்காவது. மழை பெய்த மறுநாள் பஞ்சர் அதிகம் ஆகிறதே என்று வியப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: தண்ணீர் பட்ட கண்ணாடி ரப்பருக்குள் வழுக்கிக்கொண்டு நுழைகிறது. காய்ந்த சாலையில் ஒட்டாமல் தெறித்துப் போகும் சில்லு, ஈரத்தில் டயரோடு ஒட்டிக்கொண்டு சுற்றுக்குச் சுற்று உள்ளே இறங்குகிறது.

இவ்வளவும் கிடக்கட்டும். சாலையைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மிதிப்பேன் என்று உட்கார்ந்தால் ஆயுசுக்கும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நீ போகும் சாலைக்கு ஏற்ற காலணியை உன் சக்கரத்துக்கு மாட்டு!

ஒரு நல்ல டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், மேலே தரையைத் தேய்க்கும் ரப்பர். அடியில் டயருக்கு உருவம் தரும் நூல் துணி. இந்த இரண்டுக்கும் நடுவே, விலை மலிந்த டயரில் ஒன்றுமே இருக்காது. தரமான டயரில் ஓர் அடுக்கு இருக்கும், பஞ்சர் தடுப்புப் பட்டை. எல்லா வித்தியாசமும் அந்தப் பட்டையில்தான். சில கம்பெனிகள் அதைக் கெவ்லார் இழையில் நெய்கின்றன. கான்டினென்டல் கம்பெனியின் கிராண்ட் பிரி 4 சீசன் டயரில் வெக்ட்ரான் என்ற இழை இரண்டு அடுக்காக இருக்கிறது. 1997-ல் செவ்வாய்க் கிரகத்தில் பாத்ஃபைண்டர் விண்கலம் காற்றுப் பைகளின் மேல் குதித்துக் குதித்து இறங்கியதே, அந்தப் பைகளை நெய்த இழை அது. செவ்வாயின் கூர்ங்கற்களுக்கு நிற்பதற்காகத் தேர்ந்தெடுத்த இழை, உன் ஆபீஸ் வழியிலும் உனக்காகச் சுற்றத் தயாராக இருக்கிறது. நீதான் கேட்டு வாங்க வேண்டும்.

கெவ்லார் பிறந்த கதையைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. 1960-களின் நடுவில் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் ஒரு குழுவுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? டயரை வலுப்படுத்த, எடை குறைந்த, உறுதியான இழை ஒன்றைக் கண்டுபிடிப்பது. ஆம், டயருக்காகத்தான்! அந்தக் குழுவில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற பெண் வேதியியலாளர் இருந்தார். மருத்துவம் படிக்கப் பணம் சேர்ப்பதற்காக 1946-ல் வேலைக்கு வந்தவர், வேதியியல் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். 1965-ல் அவர் தயாரித்த ஒரு கரைசல் கலங்கலாக, நீர்த்துப்போய் இருந்தது. இழை இழுக்கும் கரைசல் என்றால் தெளிவாக, கெட்டியாக இருக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் பாடம். வேறு யாராக இருந்தாலும் கழிவுத் தொட்டியில் ஊற்றியிருப்பார்கள். இயந்திரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவரோ, "இதை ஊற்றினால் என் இயந்திரத்தின் துளைகள் அடைத்துக்கொள்ளும்" என்று மறுத்தார். குவோலெக் விடவில்லை. வடிகட்டிப் பார்த்துவிட்டேன், இதில் துகள் இல்லை என்று நின்றார். கடைசியில் இயந்திரக்காரர் இறங்கி வந்தார். இழை வந்தது. நைலான் அறுந்துபோகும் இழுவையில் அது அறுபடாமல் நின்றது. வந்த எண்களைக் குவோலெக்காலேயே நம்ப முடியாமல், திரும்பத் திரும்பச் சோதனைக்கு அனுப்பிச் சரிபார்த்த பிறகுதான் வெளியே சொன்னார். எடைக்கு எடை எஃகைவிட ஐந்து மடங்கு உறுதியான இழை அது. கலங்கல் என்று ஒதுக்கியிருக்க வேண்டியதை, என் கை வேலை மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று ஒரு பெண் தூக்கிப் பிடித்தார். அவர் அன்று தலையாட்டிவிட்டு நகர்ந்திருந்தால்? நீயும் யாரோ சொன்ன "சரிப்பட்டு வராது"க்குத் தலையாட்டிவிட்டு நகராதே!

இனி, உன்னைத் தடுக்கும் இன்னொரு குரலைப் பார்ப்போம். "இவ்வளவு கனமான டயரா? ஸ்லோவாப் போகுமே?" ஞாயிற்றுக்கிழமை இ.சி.ஆர். ஓரம் டீக்கடையில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. பந்தய வீரர்கள் எதை மாட்டுகிறார்களோ அதையே நானும் மாட்டுவேன் என்று கிளம்புகிறவர்கள் அவர்கள். பந்தய வீரனுக்குப் பின்னால் கார் வருகிறது. கூரை மேல் மாற்றுச் சக்கரங்கள் அடுக்கியிருக்கிறார்கள். டயர் போனால் நொடியில் சக்கரத்தையே மாற்றிக் கொடுக்க ஆள் இருக்கிறான். உன் பின்னால் யார் வருகிறார்கள்? மாநகரப் பேருந்து! அவனுடைய டயர் அவனுக்கு நியாயம், உன்னுடைய டயர் உனக்கு நியாயம்.

கனமான டயர் மெதுவாகத்தான் ஓடும், அது உண்மை. பாதுகாப்பு அடுக்கு கூடக் கூட உருளும்போது கொஞ்சம் சக்தியைத் தின்னும். ஆபீசுக்குப் போகும் தூரத்தில் அதனால் உனக்குப் போவது சில நிமிடம். ஒரே ஒரு பஞ்சர், அதுவும் பழகாத கையோடு, தின்னப்போவது அரை மணி நேரம். பயிற்சி என்றால் அந்தச் சில நிமிடக் கணக்குக்கூடக் கிடையாது. உன் இதயத்துக்கும் தொடைக்கும் நீ எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போனாய் என்று தெரியாது. எவ்வளவு உழைத்தாய் என்பதுதான் தெரியும். மெதுவான டயரில் ஒரு மணி நேரம் முழு மூச்சாக மிதித்தவனும், வேகமான டயரில் அதே மூச்சோடு மிதித்தவனும் உடம்பில் சேர்த்தது ஒன்றுதான். அப்புறம் போட்டி நாளில் மெல்லிய டயரை மாட்டு. பயிற்சி முழுக்க இரும்பைச் சுமந்த கால், அன்றைக்குப் பறக்கட்டும்!

நம்மூர்ப் பால்காரர் சைக்கிளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இரண்டு பக்கமும் கேன், பின்னால் ஒரு மூட்டை, அடியில் தடித்த டயர். அந்த மனிதர் தன் டயரின் கனத்துக்காக வெட்கப்பட்டு நீ பார்த்திருக்கிறாயா? விடிவதற்குள் நாற்பது வீட்டுக்குப் பால் போய்ச் சேர வேண்டும் என்ற பொறுப்பு அவருக்கு இருந்தது. உனக்கும் இருக்கிறது. காலை ஷிஃப்ட்டுக்குப் போகும் செவிலியர் நேரத்துக்கு வார்டில் நிற்க வேண்டும். இருட்டு விலகாத சாலையில் தனியாகப் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு, நின்றுபோகாத சக்கரம் வெறும் வசதி இல்லை, பாதுகாப்பு. எவன் சிரித்தால் என்ன! 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினார்களே, அவர்களைப் பார்த்தும் ஊர் சிரித்தது. அவர்கள் மிதித்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனார்கள், சந்தைக்குப் போனார்கள், பிள்ளையைப் பள்ளியில் விட்டார்கள். சிரித்தவர்கள்தான் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

எதை வாங்குவது? என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கும் ஆபீசுக்கும் ஒரே சைக்கிள் என்றால் கான்டினென்டல் கேட்டர்ஸ்கின் அல்லது 4 சீசன். கேட்டர்ஸ்கினில் டயரின் பக்கவாட்டுச் சுவருக்கும் தனிக் கவசம் உண்டு, கல் உரசிக் கிழிவது குறையும். ஆனால் ஈரச் சாலையில் அதன் பிடிப்பு சுமார்தான். மழைக்காலத்திலும் விடாமல் ஓட்டுகிறவனாக இருந்தால் கூடக் கொஞ்சம் பணம் போட்டு 4 சீசனுக்குப் போ. பயிற்சி எல்லாம் வேண்டாம், போய்ச் சேர்ந்தால் போதும் என்றால் ஸ்வால்பே மாரத்தான் பிளஸ். அதன் நடுவே 5 மில்லிமீட்டர் கனத்தில் ரப்பர் மெத்தை இருக்கிறது. டிராயிங் பின் குத்தினாலும் முனை டியூபை எட்டாது. ஒரு டயரே முக்கால் கிலோவை நெருங்கும். அதனால் என்ன, சுமக்கப்போவது சக்கரம்! ஏதோ ஒரு டயர் நூற்றுக்கு நூறு பஞ்சர் ஆகாது என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதே. முற்றிய கருவேல முள் நேராக ஏறினால் ஏறும்தான். பத்தில் பெரும்பாலானவற்றைத் தடுக்கும் டயரை நீ வாங்கு. மிச்சத்துக்கு உன் கை இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

டியூப் இல்லாமல் உள்ளே திரவம் ஊற்றி ஓட்டும் முறையும் இருக்கிறது. சின்னத் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். நல்லதுதான். ஆனால் நம் வெயிலில் அந்தத் திரவம் சில மாதத்தில் காய்ந்துவிடும், மறக்காமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போதுதான் தொடங்குகிறாய் என்றால் கெட்டி டயரும் டியூபுமே போதும்.

பிறகு அகலம். ரோட் பைக் என்றால் 23 மில்லிமீட்டர்தான் என்ற காலம் மலையேறிவிட்டது. உன் ஃபிரேமிலும் பிரேக்கிலும் இடம் இருந்தால் 28 போடு, இன்னும் இடம் இருந்தால் 32. அகலம் கூடினால் காற்றைக் குறைத்து ஓட்டலாம், குழியில் விழும்போது ரிம் தப்பிக்கும், முதுகும் தப்பிக்கும். கடைக்குப் போகும் முன் பழைய டயரின் பக்கவாட்டில் 25-622 என்பதுபோல் ஓர் எண் இருக்கும், படித்துக்கொள். முதல் எண் அகலம். பின்னால் வரும் 622 ரிம்மின் அளவு, அது அப்படியே பொருந்தியாக வேண்டும். காற்று விஷயத்தில் பக்கவாட்டில் போட்டிருக்கும் பெரிய எண் உச்ச வரம்பு மட்டுமே. அதுவரை அடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 28 அகலத்தில் 70 கிலோ ஆளுக்குப் பின்சக்கரத்தில் 75 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கிப் பார், முன்சக்கரத்தில் சற்றுக் குறை. ஆனால் காற்றே பார்க்காமல் வாரக்கணக்கில் ஓட்டாதே. முள்ளும் இல்லாமல் கம்பியும் இல்லாமல் டியூபில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழுந்திருந்தால், பாம்புக்கடி மாதிரி, குழியில் ரிம் டியூபைக் கடித்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு எந்தக் கம்பெனி டயரும் பொறுப்பில்லை. வாரம் ஒருமுறை பம்பை எடுக்காத சோம்பல்தான் பொறுப்பு.

கையில் ஒரு டயருக்குத்தான் காசு இருக்கிறதா? பின்சக்கரத்துக்கு வாங்கு. எடை அதிகம் விழுவதும், தேய்வதும், பஞ்சர் ஆவதும் அங்கேதான். ஆனால் முன்சக்கரத்தில் வெடிப்போ தேய்மானமோ உள்ள டயரை ஒருநாளும் விட்டுவைக்காதே. பின்டயர் வெடித்தால் தடுமாறுவாய், முன்டயர் வெடித்தால் விழுவாய்.

இப்போது கைக்கு வருவோம். தன்னம்பிக்கை நெஞ்சில் இருக்கிறது என்கிறார்கள். சைக்கிள்காரனுக்கு அது சீட்டுக்கு அடியில் தொங்கும் சின்னப் பையிலும் இருக்க வேண்டும். ஒரு மாற்று டியூப், இரண்டு லீவர், பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், கைப் பம்பு. ரோட் பைக் டியூபின் மெல்லிய பிரெஸ்டா வால்வில் வழக்கமான பஞ்சர் கடைப் பம்பு நிற்காது. அதற்கொரு பித்தளை அடாப்டர் உண்டு, சில ரூபாய்தான், அதையும் போட்டுக்கொள். அந்த அளவு டியூப் நெடுஞ்சாலையோரக் கடையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதே. உதவி வராத இடத்தில் நீயே உதவி.

1891-ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தை ஷார்ல் தெரோன் சுமார் 71 மணி நேரத்தில், தூங்காமல் ஓட்டி ஜெயித்தார். அவர் மாட்டியிருந்தது மிஷ்லான் சகோதரர்களின் புது டயர். அதன் பெருமை, அது பஞ்சரே ஆகாது என்பதில்லை. வழியிலேயே கழற்றிச் சரிசெய்து மாட்டலாம் என்பதுதான்! அதுவரை காற்று டயரை ரிம்மோடு ஒட்டிவிடுவார்கள், பஞ்சர் ஆனால் பிரித்து ஒட்டிக் காயவைக்க ஒரு ராத்திரி ஆகும். அதே பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் இன்றும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது, 90 மணி நேரம் கெடு. நம் நாட்டிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர் போகிறார்கள். அதற்குத் தகுதி பெற இங்கே 200, 300, 400, 600 கிலோமீட்டர் ஓட்டங்களை முடிக்க வேண்டும். 200-க்குக் கெடு பதின்மூன்றரை மணி நேரம். நீ பஞ்சர் ஒட்டும் நேரமும் அதற்குள்தான் ஓடும். கண்காணிப்பு இடங்களைத் தவிர வழியில் உன் ஆட்கள் யாரும் வந்து கைகொடுக்கக் கூடாது. எழுதப்படிக்கத் தெரிந்த, தெரியாத, மெலிந்த, பருத்த, ஐம்பது கடந்த எத்தனையோ பேர் அதை முடித்துவிட்டு வந்து மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். உன்னால் முடியாதா?

இந்த ஞாயிறு காலையில், பஞ்சரே ஆகாத சைக்கிளை வீட்டுக்குள் கொண்டு வா. செயினைச் சின்னப் பல்லுக்கு இறக்கு, பின்சக்கரத்தைக் கழற்று. காற்றை முழுக்க இறக்கி, டயரின் விளிம்பை இரண்டு பக்கமும் ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் தள்ளு, அப்போது லீவருக்கு வேலை பாதியாகக் குறையும். டியூபை உருவு. டயரின் உட்புறத்தை வெறும் விரலால் தடவாதே, கம்பி கிழிக்கும். கொஞ்சம் பஞ்சை எடுத்துச் சுற்றிலும் மெதுவாக ஓட்டு. எங்கே பஞ்சின் இழை சிக்குகிறதோ அங்கே நிறுத்து. கண்ணுக்கே தெரியாத ஒரு முனை இருக்கும், நகவெட்டியால் பிடித்து இழு. அதை எடுக்காமல் புது டியூப் போடுகிறவர்கள்தான் பத்து நிமிடத்தில் இன்னொரு தடவை பஞ்சர் ஆகி ராசியைத் திட்டுகிறார்கள். டயரின் கம்பெனிப் பெயரை வால்வுக்கு நேராக வைத்து மாட்டு, அடுத்த முறை டியூபில் ஓட்டை தெரிந்தால் டயரில் எந்த இடம் என்று உடனே பிடித்துவிடலாம். புது டியூபில் இரண்டு ஊது காற்று, உள்ளே வை. கடைசி ஒரு சாண் விளிம்பு ஏறாமல் முரண்டு பிடிக்கும். லீவரைத் தொடாதே, டியூபைக் கடித்துவிடும். இரண்டு உள்ளங்கையாலும் உருட்டி ஏற்று. வால்வை ஒருமுறை உள்ளே அழுத்தி விடு. டியூப் எங்கும் விளிம்புக்கடியில் மாட்டவில்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் காற்றடி.

முதல் தடவை அரை மணி நேரம் ஆகும், விரல் நோகும். திரும்பக் கழற்று, திரும்ப மாட்டு. கை பழகியதும் பையைக் கட்டி வை, புது டயர்களோடு திங்கட்கிழமை சைக்கிளிலேயே ஆபீசுக்குக் கிளம்பு.